கண்மாயை வெட்டியாச்சு, தண்ணீர் எங்கே? கேள்வி பதில்

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில் (ஏரிகளில்) ஊர்க்காரர்களோடு மராமத்து வேலை பார்ப்பவன் என்பதால் கண்மாய் பற்றிய கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். பாதிப்பேர் கேட்டது ஒன்றையேதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மானாமதுரைப் பக்கத்து இளைஞர்: அண்ணே, காசு வசூல் பண்ணி, ஜேசிபி விட்டு ஆழமா வெட்டினோம். நல்ல மழை பேஞ்சும் பாதிகூட நிரம்பலை. ஏன்?

கண்மாயை வெட்டினீர்கள் தம்பி, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பார்த்தீர்களா? ஒரு கணக்குப் போடுவோம். மூன்று யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) பிடிக்கும் டிப்பரில் ஆயிரம் லோடு மண் அள்ளினால் சுமார் 8,500 கன மீட்டர் இடம் கிடைக்கும். உங்கள் கண்மாய்க்கு 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு இருக்கிறது என்று வையுங்கள். 50 மில்லிமீட்டர் மழை ஒரே மூச்சில் பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் 10,000 கன மீட்டர். ஆயிரம் லோடு வெட்டிய பள்ளத்தை ஒரு மழை நிரப்பிவிடும், வழி திறந்திருந்தால்!

அடுத்த ஐப்பசி மழையில் நான்கு பேர் குடையோடு வரத்துக்கால் ஓரமாக மேலே நடந்து போங்கள். வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்கே தண்ணீர் திரும்புகிறது, எங்கே தேங்குகிறது என்று அப்போதுதான் பிடிபடும். நான் அதிகம் பார்ப்பது சாலைக்கு அடியில் போடும் குழாய்களைத்தான். வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் மேலே குழாயைப் பதித்திருப்பார்கள். ஒரு முழம் தண்ணீர் நின்ற பிறகுதான் மிச்சம் அந்தப் பக்கம் போகும். அதற்குள் அது பக்கத்துப் பிளாட்டுக்குள் இறங்கிவிடும்.

இன்னொன்று. வயலுக்குத் தண்ணீர் விடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டிய ஆழத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், மீன் பிழைக்கும், நிலத்தடிக்கும் கொஞ்சம் இறங்கும். அதுவும் நல்லதுதான், ஆனால் ஊரில் எல்லோரும் நெல்லை நினைத்துத்தானே காசு கொடுத்திருப்பார்கள்?

காரைக்குடியிலிருந்து: வண்டல் எடுக்க யாரிடம் அனுமதி?

வட்டாட்சியரிடம். கரையின் அடியை ஒட்டி வெட்ட விடாதீர்கள், கரை சரியும். களிமண் படிவத்தைத் தாண்டிச் சரளை தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள், அதற்குமேல் போனால் தண்ணீர் ஒழுகும். வண்டல் என்று எழுதி வாங்கிவிட்டுச் பள்ளம் நிரப்பும் சவுடு மண் அள்ளும் லாரிகள் வரும். நம்பரைக் குறித்துவைக்க ஊரில் இரண்டு பேராவது வேண்டும்.

முதுகுளத்தூர்: சீமைக்கருவேலத்தை வெட்டுகிறோம், மறுபடி முளைக்கிறதே?

வெட்டினால் துளிர்க்கத்தான் செய்யும். வேரோடு தோண்ட வேண்டும். நெற்றைத் தின்ற ஆடுகள் புழுக்கையில் விதையைப் பரப்பும், ஆகவே மழைக்குப் பின் கன்றுகளைப் பிடுங்கும் வேலை சில வருடங்களுக்கு ஓயாது. 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அகற்றச் சொன்னபோது எல்லா ஊரிலும் ஒரே வேகம். பிறகு கன்று பிடுங்க ஆளில்லை. உங்கள் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களைக் கூப்பிட்டுப் பேசாமல் ஏலம் விட்டுவிடாதீர்கள்.

மேலூரிலிருந்து: கலுங்கில் மணல் மூட்டை அடுக்கினால் இன்னும் அரையடி நிற்கும். செய்யலாமா?

வேண்டாம். கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்தான் கலுங்கு, அங்கிருந்து போகும் உங்கள் மறுகால் தண்ணீர்தான் கீழ்க்கண்மாய்க்கு வரத்து. அந்த அரையடி அடுத்த ஊரின் நாற்றங்கால். மேலே உள்வாயை (தண்ணீர் பரவி நிற்கும் பகுதியை) ஒட்டிய பட்டா நிலமும் முங்கும், பெருமழையில் கண்மாய்க் கரைக்கும் ஆபத்து. இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசியிருந்தால் சரி, ராத்திரியில் அடுக்கினால் விடியும்போது காவல் நிலையத்தில் நிற்பீர்கள்.

பரமக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: அந்தக் காலத்தில் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தை ஊரே மனமுவந்து செய்ததே ஐயா?

சில ஊர்களில் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் 1858இல் வெள்ளைக்கார அரசு கட்டாய வேலைச் சட்டம் கொண்டுவந்து, வராதவரிடம் காசு பிடித்ததும் உண்டு. மண் சுமந்தவர் யார், விளைச்சலை அள்ளியவர் யார் என்றும் கேட்க வேண்டும். பழையதை அப்படியே திரும்பக் கொண்டுவர எனக்கு ஆசையில்லை.

திருப்பத்தூர்ப் பக்கம், ஓர் அக்கா: எங்களுக்கு நிலமில்லை. கண்மாய்க் கூட்டத்துக்கே கூப்பிட மாட்டேங்கிறாங்க.

உங்கள் வருத்தம் நியாயம் அக்கா. 2000ஆம் ஆண்டு நீர்ப்பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமையும் சங்கம் ஆயக்கட்டில், அதாவது கண்மாய்ப் பாசனப் பரப்பில், நிலம் உள்ளவர்களுடையது. ஆனால் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், 100 நாள் வேலையில் கரையில் மண் போடுவதும் நீங்கள்தானே? கிராம சபையில் கேளுங்கள். கண்மாயில் மீன் பிடிக்க விடும் மீன்பாசி குத்தகைப் பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று ஒரே கேள்வி போதும். அடுத்த கூட்டத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள்.

மதுரை, ஐடி வேலை பார்ப்பவர்: எல்லோரும் போர்வெல்லில் இறைக்கும்போது கண்மாய் எதற்கு?

போரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது சார்? கண்மாய் நிரம்பிய வருடம் கரைக்குக் கீழே உள்ள கிணறுகளை எட்டிப்பாருங்கள், தெரியும். மகாராஷ்டிராவில் ஹிவ்ரே பஜார் என்ற ஊர், நம் பகுதியைவிட மழை குறைவு. 1989இல் போபட்ராவ் பவார் ஊர்த்தலைவரான பிறகு மலைச்சரிவில் வரப்பு போட்டார்கள், மேய்ச்சலைக் கட்டுப்படுத்தினார்கள். அதோடு விடாமல், பாசனத்துக்குப் போர் போடக் கூடாது என்று முடிவெடுத்து, ஆண்டுதோறும் மழையை அளந்து எந்தப் பயிர் என்று ஊர்கூடித் தீர்மானிக்கிறார்கள். கரும்பைத் தள்ளிவைத்தார்கள். நம் ஊர்களில் மண்வேலைக்கு ஆள் சேர்கிறது, போரைப் பற்றிப் பேச்செடுத்தால் கூட்டம் கலைகிறது.

இளையான்குடி: ஆக்கிரமிப்பு. யாரிடம் மனு கொடுப்பது?

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத்துறைக் கண்மாய்க்கு, ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்ற வந்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் கைகொடுக்கும். மனுவுக்கு முன்னால் அ பதிவேட்டு (நில விவரப் பதிவேடு) நகலும் புலப்படமும் (நில அளவை வரைபடம்) வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றுங்கள். வரத்துக்காலையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், கண்மாயை மட்டும் அளந்துவிட்டுப் போய்விடுவார்கள்.