சிப் விலை சரிந்தால் இயந்திர பாகம் செய்யும் பட்டறைக்கு என்ன ஆகும்?

கேள்வி: புதுச்சேரி சேதராப்பட்டில் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) பட்டறை வைத்திருக்கிறோம். சிப் தயாரிக்கும் இயந்திரங்களுக்கு அலுமினிய பாகம் செய்து தரச் சொல்லி விசாரணை வந்திருக்கிறது. மெமரி சிப் விலை இறங்கினால் எங்களையும் பாதிக்குமா?

பாதிக்கும். எவ்வளவு என்பது நீங்கள் எந்த பாகம் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கடலூர் துறைமுகத்தில் மீன் விலை இறங்கினாலும், டீசலுக்கும் ஐஸுக்கும் காசு தேறும்வரை விசைப்படகு கடலுக்குப் போகும். ஆனால் புதுப் படகு கட்ட யாரும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். சிப் ஆலையும் அப்படித்தான். செலவில் பெரும்பங்கு, வாங்கிப் போட்ட இயந்திரங்களின் தேய்மானம். ஆலையை நிறுத்தினாலும் அது நிற்காது, அதனால் நஷ்டத்திலும் ஓட்டுவார்கள். போதாததற்கு, ஒரு வேஃபர் (சிப் செய்யப்படும் சிலிக்கான் வட்டத் தகடு) உள்ளே போய் சிப்பாக வெளியே வர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். நல்ல விலையில் தொடங்கிய சரக்கு, விலை விழுந்த நேரத்தில் வந்து குவியும்.

2022 செப்டம்பரில் மெமரி சிப் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், அடுத்த நிதியாண்டின் மொத்த முதலீட்டை 30 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. அதில் இயந்திரக் கொள்முதலுக்கான தொகையை மட்டும் பார்த்தால், வெட்டு கிட்டத்தட்ட 50 சதவீதம். மெமரி ஆலைகளையே பெரிதும் நம்பியிருந்த சிப் இயந்திர நிறுவனம் லாம் ரிசர்ச், 2023 ஜனவரியில் சுமார் 1,300 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதே 2023இல் இன்னொரு சிப் இயந்திர நிறுவனமான ஏஎஸ்எம்எல்லின் விற்பனை கூடியது, கையில் அவ்வளவு பழைய ஆர்டர் இருந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சேம்பர் (வேஃபரை வைத்து வேலை செய்யும் மூடிய அறை) உடல், ஃபிரேம் போன்றவை புது இயந்திரத்தோடு ஒரே முறை போகிறவை. இவைதான் முதலில் நிற்கும். லைனர் (சேம்பரின் உள்சுவர் உறை), ஷவர்ஹெட் (வாயுவைத் தூவும் துளைத்தட்டு) போன்றவை சேம்பருக்குள் உருவாகும் பிளாஸ்மாவில் (மின்னேற்றிய வாயு) அரிக்கப்படும், ஆலை ஓடும்வரை மாற்றியாக வேண்டும். உற்பத்தியைக் குறைத்தால் இவையும் குறையும், ஆனால் அடியோடு நிற்காது.

சிறு பட்டறையைச் சாய்ப்பது ஆர்டர் ரத்தைவிட, தள்ளிப்போடுவதுதான். 6061 ரக அலுமினியக் கட்டை வாங்கி, மெஷினிங், அனோடைசிங் (மேற்பரப்பில் காப்புப் படலம் ஏற்றுவது) எல்லாம் முடித்து, சுத்தம் செய்து இரட்டை உறையில் போட்டு வைத்திருப்பீர்கள். 'டெலிவரி அடுத்த காலாண்டுக்கு' என்று ஒரு மெயில் வரும். உங்கள் வங்கி வட்டி அதற்காகக் காத்திருக்காது. அதனால் ஆர்டரிலேயே இரண்டு நிபந்தனையை எழுதி வாங்குங்கள்: இத்தனை வாரத்துக்குள் வரும் டெலிவரியைத் தள்ளக் கூடாது, தள்ளினால் மூலப்பொருள் காசையாவது உடனே தர வேண்டும்.

மைக்ரானின் காலாண்டுக் கணக்கு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் வரும். லாபத்தை விட்டுவிட்டு, கையிருப்புச் சரக்கு எத்தனை நாளுக்கு இருக்கிறது, முதலீட்டுத் திட்டம் ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பாருங்கள். சரக்கு ஏறி முதலீடு இறங்கினால், புது சிஎன்சி மெஷினுக்குக் கடன் வாங்குவதை அப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.