ஊஞ்சலுக்கு அடியில் எவ்வளவு ஆழம்? – பூங்கா கேள்வி பதில்

குடியிருப்புப் பூங்காக்களை அமைப்பது, நடத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அந்தத் துறையில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஒரு காலியிடத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நடைபாதை, ஷட்டில் கோர்ட், சிறுவர் திடல் என்று ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள். கூட்டம் போட்டால் சண்டையில் முடிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

கூட்டத்தைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். கூட்டத்துக்கு வந்து பேசுகிறவர்கள் நேரமும் குரலும் உள்ளவர்கள். பூங்காவை அதிகம் புழங்கப் போகும் குழந்தைகளும் முதியவர்களும் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

முதல் வேலை, எண்ணுவது. இடத்தைக் கோட்டுப்படமாக வரைந்து ஐந்தாறு பகுதிகளாகப் பிரியுங்கள். வேலைநாள் இரண்டு, விடுமுறை நாள் இரண்டு. நாளுக்குக் காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளை. ஒவ்வொரு பகுதியிலும் குழந்தைகள், இளைஞர்கள், பெண்கள், முதியவர்கள் எத்தனை பேர், உட்கார்ந்திருக்கிறார்களா, நடக்கிறார்களா, ஓடுகிறார்களா என்று கோடு போட்டால் போதும். யாரையும் நிறுத்திக் கேட்க வேண்டாம். காலியிடம்தானே, யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். காலியிடத்திலும் ஆட்கள் புழங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அந்தத் தாளில் யார் இல்லை என்பதை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒன்பது வயதைத் தாண்டியதும் பூங்காவுக்கு வரும் சிறுமிகளின் எண்ணிக்கை சட்டென்று குறைவதை வியன்னா நகரில் 1990களில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. ஒரே பெரிய மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொண்டதும், போட்டி போடாமல் சிறுமிகள் ஒதுங்கிவிட்டார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை அங்கே மாற்றியமைத்தார்கள். வெட்டவெளியைச் செடிகளால் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், பாதைகளைக் கூட்டினார்கள், வாலிபாலுக்கும் பாட்மின்டனுக்கும் இடம் விட்டார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். ஒருவரையும் வெளியே அனுப்பாமல், இடத்தைப் பிரித்ததாலேயே நடந்த மாற்றம் இது.

நடைபாதைக்கு அவசரப்படாதீர்கள். ஒரு பருவம் விட்டுப் பார்த்தால், மக்கள் நடந்து நடந்து தரையில் ஒற்றையடித் தடம் விழுந்திருக்கும். அதன்மேல் பாதை போடுங்கள். அதை விட்டு அழகுக்காக வளைத்துப் போட்டால், பாதை ஒரு பக்கம் இருக்க, புல் இன்னொரு பக்கம் மிதிபட்டுச் சாகும். எதிரெதிரே வரும் இருவர் இடிக்காமல் போக 2 மீட்டர் அகலம் நல்லது. பக்கவாட்டில் 2 சதவீதச் சரிவு, அதாவது 2 மீட்டருக்கு 4 செ.மீ., கொடுத்தால் தண்ணீர் தேங்காது. நீளவாக்கில் ஏற்றம் 20 மீட்டருக்கு 1 மீட்டரைத் தாண்டினால் சக்கர நாற்காலியில் வருகிறவர் திணறிப்போவார்.

கேள்வி: ஊஞ்சலுக்கு அடியில் 10 செ.மீ. மணல் போட்டிருக்கிறோம். போதுமா? ரப்பர் தரைதான் வேண்டும் என்கிறார்கள் சிலர்.

போதாது. சிறுவர் திடலில் பலமான காயங்களுக்கு முதல் காரணம் கீழே விழுவதுதான். எனவே கருவிக்குச் செலவிடும் அக்கறையில் பாதியாவது அடித்தரைக்கு வேண்டும்.

ஊஞ்சலில் விழும் உயரத்தை இருக்கையிலிருந்து அளக்கக் கூடாது. சங்கிலி தொங்கும் மேல்கம்பியிலிருந்து அளக்க வேண்டும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு சொல்லும் கணக்கு இது: அமுங்கிய நிலையில் 23 செ.மீ. மணல், சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு மட்டுமே தாங்கும். அதே 23 செ.மீ. மரச்சில்லுகள் சுமார் 3 மீட்டர் வரை தாங்கும். துருவிய ரப்பர் என்றால் 15 செ.மீ.யிலேயே அந்த 3 மீட்டர் கிடைக்கும். உங்கள் மேல்கம்பி 2.5 மீட்டரில் இருந்தால் மணலை விட்டுவிட்டு மரச்சில்லுக்கு மாறுங்கள். புதிதாகக் கொட்டியது கால்பங்கு அமுங்கிவிடும், ஆகவே 30 செ.மீ. நிரப்புங்கள்.

பரப்பு எவ்வளவு? மேல்கம்பி உயரத்தைப் போல் இரு மடங்கு முன்னும், இரு மடங்கு பின்னும். 2.5 மீட்டர் என்றால் 5 + 5 = 10 மீட்டர். பக்கவாட்டில் சட்டத்தைத் தாண்டி 1.8 மீட்டர் வீதம். சட்டம் 3.6 மீட்டர் அகலம் என்றால் மொத்தம் 7.2 மீட்டர். 10 × 7.2 × 0.3 = 21.6 கன மீட்டர். இதைக் கேட்டுப் பலர் மலைத்துப்போவார்கள், ஆனால் குறைக்க வழியில்லை; வேண்டுமானால் ஊஞ்சலின் உயரத்தைக் குறைக்கலாம். அடியில் தண்ணீர் வடிய ஒரு ஜல்லி அடுக்கும், அதன்மேல் வடிதுணியும் (தண்ணீரை விட்டு, மண்ணையும் சில்லையும் தடுக்கும் துணி) போடுங்கள். இல்லாவிட்டால் மழைக்குப் பிறகு சில்லுகள் ஊறி அழுகும்.

அடுத்து, ஊஞ்சலுக்கு நேர் கீழே பாருங்கள். குழந்தைகள் கால் தேய்த்து நிறுத்தும் இடத்தில் ஒரு குழி விழும். திடல் முழுதும் 25 செ.மீ. இருக்க, அடி விழும் அந்த இடத்தில் மட்டும் 5 செ.மீ.தான் மிஞ்சும். வாரம் ஒருமுறை மண்வாரியால் இழுத்து நிரவுங்கள். தூணில் உரிய ஆழத்துக்கு ஒரு கோடு வரைந்துவிட்டால், குறைந்திருப்பது தோட்டக்காரருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ரப்பர் தரை நல்லதுதான். சக்கர நாற்காலியும் அதில் போகும். ஆனால் வெயிலில் வெறுங்கால் சுடும், காலப்போக்கில் இறுகும். நிழல் இல்லாத இடத்தில் அதைப் போடாதீர்கள். இரும்புச் சறுக்குக்கும் இதே எச்சரிக்கைதான்.

கேள்வி: பராமரிப்பு என்று தனியாக எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கண்ணால் ஒரு சுற்று: உடைந்த கண்ணாடி, நாய்க்கழிவு, பிய்ந்த இருக்கை. ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால்: போல்ட் தளர்ச்சி, சங்கிலித் தேய்மானம், துரு. ஆண்டுக்கு ஒருமுறை தூணின் அடிமண்ணைத் தோண்டி, மண்ணோடு சேரும் இடத்தில் இரும்பு அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே பெயின்ட் பளபளக்கும்போதே கீழே அரித்திருக்கும்.

சங்கிலியை இருக்கையோடு சேர்க்கும் எஸ் வடிவக் கொக்கியை விட்டுவிடாதீர்கள். அதன் வாய் 1 மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருந்தால் துணி மாட்டும், கழன்றும் போகும். இடுக்கியால் நெருக்கிவிட்டால் வேலை முடிந்தது. கம்பித் தடுப்புகளில் 9 செ.மீ.க்கு மேல், 23 செ.மீ.க்குள் உள்ள இடைவெளி ஆபத்தானது. குழந்தையின் உடல் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். ஒன்று அதைவிடச் சிறிதாக்குங்கள், அல்லது பெரிதாக்குங்கள்.

கேள்வி: விடுமுறைப் பயிற்சிக்கு 30 குழந்தைகள் பெயர் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் 12 பேர்தான் வந்தார்கள். எங்கே தவறு?

பெரும்பாலும் வயதுக் கலப்பில். ஆறு வயதுக் குழந்தையையும் பதின்மூன்று வயதுப் பையனையும் ஒரே பந்தோடு விட்டால் சின்னவர் பயப்படுவார், பெரியவருக்குச் சலிக்கும். 6–8, 9–11, 12–14 எனப் பிரியுங்கள். சின்ன வயதுக் குழுவில் எட்டுப் பேருக்கு ஒரு பயிற்சியாளர் என்ற அளவில் வைத்தால், காத்து நிற்கும் நேரம் குறையும். ஆட வந்த குழந்தை வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினால் மறுநாள் வராது.

நீளமும் ஒரு காரணம். மூன்று மாதத் திட்டத்தை விட ஆறு வாரத் திட்டம் நிற்கும். காத்திருப்போர் பட்டியல் வையுங்கள். இரண்டு வகுப்பு தொடர்ந்து வராத குழந்தையின் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். குறை சொல்ல வேண்டாம், நலம் விசாரித்தால் காரணம் தானாக வரும்: டியூஷன் நேரம், அழைத்துவர ஆள் இல்லை, அல்லது யாரோ கிண்டல் செய்தார்கள். இந்தக் கடைசிக் காரணத்தைப் பெற்றோர் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். குழந்தையை யார் கூட்டிப்போகலாம் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடி மின்னல் விதியை எல்லாப் பயிற்சியாளருக்கும் சொல்லிவையுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லோரும் கட்டடத்துக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. மரத்தடி அடைக்கலம் அல்ல.

கேள்வி: பந்து விளையாடும் பிள்ளைகளுக்கும் நடக்க வருகிற பெரியவர்களுக்கும் தினமும் வாக்குவாதம்.

தடைப் பலகை வைத்துத் தீராது. நடைபாதை கோல் கம்பத்துக்குப் பின்னால் போகிறதா என்று பாருங்கள். போனால், பாதையை மைதானத்தின் நீண்ட பக்கத்துக்கு மாற்றுங்கள், கோலுக்குப் பின்னே 4 மீட்டர் உயர வலை கட்டுங்கள். மைதானம் வடக்கு தெற்காக நீண்டிருந்தால் மாலை வெயில் ஆடுகிறவர் கண்ணில் நேராக அடிக்காது, குறி தவறிப் பறக்கும் பந்தும் குறையும். இதற்குப் பிறகும் தகராறு இருந்தால் மட்டும் நேரம் பிரியுங்கள், பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி.

கேள்வி: நட்ட கன்றுகள் இரண்டாம் ஆண்டில் காய்ந்துவிடுகின்றன.

ஆழமாக நட்டிருப்பீர்கள். தண்டு வேராக விரியும் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். குழி வேர்க்கட்டியின் ஆழமே இருக்கட்டும், அகலம் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. மண்ணின் மேல் 5 முதல் 10 செ.மீ. மூடாக்கு (காய்ந்த இலை, மரச்சில்லு போன்றவை) போடுங்கள், தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் தள்ளி. சுற்றிலும் ஆட்கள் மிதிக்காமல் தாழ்வான வேலி ஒன்று. மண் இறுகினால் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது.