அந்த டீயை யார் போட்டது?

கேள்வி: நானும் பத்தாம் வகுப்பு படிக்கும் என் தம்பியும், மாடி வீட்டு நண்பர்கள் இருவரோடு ஞாயிறுதோறும் பேட்டில்டெக் ஆடுகிறோம். ஹெக்ஸ் என்ற அறுகோணக் கட்டம் போட்ட மேப் விரித்து ஆடும் மேஜை விளையாட்டு. ஆளுக்கு ஒரு மெக் (பைலட் ஓட்டும் ராட்சதப் போர் ரோபோ), இரண்டு பேருக்கு எதிராக இரண்டு பேர். விளையாட்டின் கதையில் வரும் 3025ஆம் ஆண்டுக்கான பழைய விதிகள்தான். டபுள் ஹீட் சிங்க், எக்ஸ்எல் எஞ்சின் மாதிரி மேம்பட்ட பாகம் எதுவும் கிடையாது. என்னுடையது ஆஸம் என்ற 80 டன் மெக். பிபிசி என்ற ஆற்றல் பீரங்கி மூன்றையும் வைத்துக்கொண்டு, 240 எஞ்சினைக் கழற்றி 320 போட்டேன். வேகம் 3/5 (ஒரு சுற்றில் நடந்தால் 3 ஹெக்ஸ், ஓடினால் 5) இருந்தது 4/6 ஆனது. அதற்காகச் சூட்டை இறக்கும் ஹீட் சிங்கை 28இலிருந்து 21ஆகவும், ஆர்மரை (கவசம்) 15 டன்னிலிருந்து 10 டன்னாகவும் குறைத்தேன். அடி பலமாகத்தான் விழுகிறது. ஆனால் இரண்டு சுற்று ஓடிக்கொண்டே முழுதாகச் சுட்டால் சூடு தாங்கவில்லை. தம்பி லோகஸ்ட் என்ற சின்ன மெக்கை எடுப்பான். நான் குளிரும்வரை முன்னால் அசையாமல் நிற்கச் சொல்வேன். பெரும்பாலும் மூன்றாவது சுற்றிலேயே அவுட் ஆகிவிடுவான், அப்புறம் எங்களுக்கு டீ போடுவான், அது பிரச்சினை இல்லை. ஒரு பிபிசிக்குப் பதில் ஏசி/10 (குண்டு போட்டுச் சுடும் பீரங்கி) போட்டால் சூடு சரியாகுமா? ஆர்மரை இன்னும் குறைக்கலாமா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: மூன்று டன் எங்கே கிடைக்கும், நான்கு டன் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. எழுதுகிறவர்களெல்லாம் கணக்கில் கெட்டிக்காரர்கள். நீங்களும்தான். ஆனால் "அது பிரச்சினை இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

உங்கள் தம்பி ஏன் மூன்றாவது சுற்றில் அவுட் ஆகிறான்? இரண்டாவதிலோ ஐந்தாவதிலோ ஏன் இல்லை? பென்சிலை எடுங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

முதல் சுற்று. மூன்று பிபிசிக்கு 30 சூடு, ஓடியதற்கு 2. மொத்தம் 32. உங்கள் 21 ஹீட் சிங்க் 21ஐ இறக்கும். மீதி 11. இரண்டாவது சுற்றிலும் அதையே செய்கிறீர்கள்: இன்னொரு 11 சேர்ந்து 22. அந்த அளவில் மெக் ஷட்டவுன் ஆகாமல் இருக்க இரண்டு பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 36 வாய்ப்பில் 15தான் உங்கள் பக்கம். பகடை கைகொடுத்தாலும் மூன்றாவது சுற்றில் நீங்கள் சுடாமல் அப்படியே நின்றால்தான் 22 இறங்கி 1க்கு வரும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கும் அந்தச் சுற்றில்தான் அவன் போகிறான். நீங்கள் ஏற்றிய சூட்டை அவன் உடம்பில் இறக்கியிருக்கிறீர்கள். கழற்றிய ஏழு ஹீட் சிங்குக்குப் பதிலாகத் தம்பியைப் பொருத்திவிட்டு, டன் கணக்கில் மட்டும் அவனைச் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அதிலும் "அசையாமல் நில்" என்று சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. லோகஸ்ட்டின் மொத்த ஆர்மர் 64 புள்ளி, நெஞ்சில் 10. ஒரு பிபிசி அடியும் 10. முதல் அடியில் நெஞ்சு திறந்துவிடும், அதே இடத்தில் அடுத்த அடி விழுந்தால் முடிந்தது. அந்த 20 டன் வண்டியைக் காப்பாற்றுவது அதன் கால் மட்டும்தான். 8/12 வேகம். எதிரி அசையாமல் நின்று நடுத்தூரத்திலிருந்து பிபிசியால் சுடுகிறார், அவர் பைலட்டின் கன்னரி, அதாவது சுடும் திறன், 4 என்று வையுங்கள். லோகஸ்ட் நின்றுகொண்டிருந்தால் அவருக்கு 6 விழுந்தால் போதும், 36இல் 26 வாய்ப்பு. அதே லோகஸ்ட் பத்து ஹெக்ஸுக்கு மேல் ஓடியிருந்தால் அவருக்கு 10 வேண்டும், 36இல் 6 வாய்ப்புதான். இதுகூடத் தெரியாமல் எஞ்சின் மாற்றியிருக்க மாட்டீர்கள். தெரிந்துதான் அந்தப் பையனை நிற்க வைத்தீர்கள். அவனும் அண்ணன் சொன்னார் என்று நின்றான்.

விளையாட்டுதானே என்பீர்கள். பதினைந்து வயதுப் பையன் அண்ணனிடம் கற்றுக்கொள்வதில் பாதி விளையாட்டில்தான். நான் ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெரிய குடம் என் இடுப்பில், சின்னக் குடம் தங்கை இடுப்பில். அதை யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கு உடம்பு பெரிது, அவ்வளவுதான். உங்கள் வண்டி 80 டன், அவன் வண்டி 20 டன். நாலில் ஒரு பங்குள்ளவனை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஆறிக்கொண்டிருப்பதை எந்த வீட்டிலும் அண்ணன் வேலை என்று சொல்ல மாட்டார்கள். ஆட்டத்திலிருந்து போனவன் மேஜையில் உட்கார்ந்து மீதியைப் பார்க்கலாம், அடுத்த நகர்வு சொல்லலாம். அவனை அடுப்படிக்கு அனுப்பியது யார்?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏசி/10 உங்களை மீட்காது. அது 12 டன், குண்டு இரண்டு டன், ஆக 14. கழற்றிய பிபிசி 7. மீதி ஏழு டன்னுக்கு இன்னும் ஏழு ஹீட் சிங்கைத்தான் கழற்ற வேண்டும், 14தான் மிஞ்சும். சூடு: இரண்டு பிபிசிக்கு 20, ஏசிக்கு 3, ஓட்டத்துக்கு 2, ஆக 25. அதில் 14 போனால் மீதி மறுபடியும் 11. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஒரு பிபிசியும் அதன் 10 சூட்டை இறக்கப் பத்து ஹீட் சிங்கும் சேர்ந்து 17 டன். ஏசி/10, இரண்டு டன் குண்டு, மூன்று ஹீட் சிங்க், அதுவும் 17 டன். இரண்டும் 10 புள்ளிதான் அடிக்கும். எடை ஒன்றேதான், ஆனால் குண்டு தீர்ந்துபோகும், வெடிக்கவும் செய்யும். சூடு 19ஐத் தொட்டதும் குண்டு வெடிக்கிறதா என்று பகடை போட வேண்டும், நீங்கள் இரண்டாவது சுற்றிலேயே 22இல் நிற்கிறவர். ஒரு முழு டன் ஏசி/10 குண்டு வயிற்றுக்குள் வெடித்தால் 100 புள்ளி. குண்டு போடும் ஆயுதம் சூட்டை அடக்கத் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டியது. ஆர்மரைக் குறைக்கும் பேச்சே வேண்டாம், 240 புள்ளியை ஏற்கெனவே 160 ஆக்கி வைத்திருக்கிறீர்கள்.

அந்த எஞ்சினைச் சொல்லுங்கள். எஞ்சினுக்கு 11 டன், சமநிலை காக்கும் கைரோவுக்கு 1 டன் கூடுதலாகக் கொடுத்து ஒரே ஒரு ஹெக்ஸ் நடை வாங்கினீர்கள். முதல் சுற்று முடிந்ததும் 11 சூடு. 10ஐத் தொட்டாலே நடையில் 2 குறையும். அப்போது உங்கள் வேகம் நடந்தால் 2, ஓடினால் 3. நீங்கள் கழற்றிப்போட்ட அந்தப் பழைய ஆஸம் நடந்துகொண்டே மூன்றையும் சுட்டிருந்தால் 31இல் 28 போய் 3தான் மிஞ்சியிருக்கும். வேகம் 3/5 அப்படியே இருந்திருக்கும். வேகத்துக்காகப் 12 டன் கொடுத்த வண்டி, ஒரே சுற்றில் கொடுக்காத வண்டியைவிட மெதுவாகிவிட்டது. இதே ஆசையின் கடைசிப் படியை விளையாட்டிலேயே வைத்திருக்கிறார்கள், சார்ஜர் என்று ஒரு மெக். அதுவும் 80 டன்தான். 400 எஞ்சின் மட்டும் 52.5 டன். மீதி இடத்தில் அகப்பட்டது ஐந்து ஸ்மால் லேசர், மூன்று ஹெக்ஸுக்கு மேல் எட்டாது. அதன் ஷீட்டை (விவரத் தாள்) எடுத்து ஒருமுறை பாருங்கள்.

ஆகவே 240ஐத் திரும்பப் போடுங்கள். 28 ஹீட் சிங்க், 15 டன் ஆர்மர், மூன்று பிபிசி, ஒரு ஸ்மால் லேசர், எல்லாம் டன் மாறாமல் உட்காரும். ஓடாதீர்கள், நடந்துகொண்டே சுடுங்கள். ஒரு சுற்று மூன்று பிபிசி, அடுத்த சுற்று இரண்டு. 3 ஏறும், அடுத்த சுற்றில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அவசரமென்றால் இரண்டு சுற்று மூன்று மூன்றாகச் சுடலாம், 6 வரும், நடையில் 1 குறையும், மூன்றாவது சுற்றில் இரண்டு சுட்டால் மறுபடி பூஜ்யம். எந்தச் சுற்றிலும் நீங்கள் வாய்மூடி நிற்க வேண்டியதில்லை. எதிரி சுட நினைத்தால் முதலில் கண்ணில் படுகிற ஆளாக நீங்கள் இருங்கள், 15 டன் ஆர்மர் அதற்குத்தான்.

தம்பியின் வண்டியையும் பாருங்கள். அதை நீங்கள் ஒருநாளும் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. மாற்றாத லோகஸ்ட் என்றால் அவன் நெஞ்சுக்குள் ஒரு டன் மெஷின் கன் குண்டு இருக்கிறது, 200 ரவுண்டு. தொட்டால் 400 புள்ளி வெடிக்கும், அது மூன்று ஹெக்ஸுக்குள் மட்டும் சுடும் இரண்டு சின்னத் துப்பாக்கிக்காக. இரண்டையும் குண்டோடு கழற்றினால் 2 டன். அதில் இன்னொரு மீடியம் லேசர், இரண்டு ஸ்மால் லேசர் போடலாம். விளையாட்டிலேயே அந்த வகை 1இ என்ற பெயரில் இருக்கிறது. முழு ஓட்டத்துக்கு 2, இரண்டு மீடியத்துக்கு 6, இரண்டு ஸ்மாலுக்கு 2, மொத்தம் 10. அவனிடம் பத்து ஹீட் சிங்க் இருக்கிறது. ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் சுட்டாலும் அவனுக்குச் சூடு ஏறாது, வெடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. நீங்கள் முன்னால் நின்று அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டால், ஆர்மர் மெல்லிசாக இருக்கும் முதுகுப் பக்கம் அவன் ஓடிப் போய்விடுவான்.

ஆனால் அதெல்லாம் அதற்கடுத்த வாரம். வருகிற ஞாயிறு வண்டியை மாற்றிக்கொள்ளுங்கள். ஆஸத்தின் ஷீட்டை அவனிடம் கொடுங்கள், நீங்கள் லோகஸ்ட் எடுங்கள். மாற்றுவதற்கு முன் அந்த 320ஐக் கழற்றிவிடுங்கள், உங்கள் கடனை அவன் தலையில் கட்ட வேண்டாம். எங்கே நிற்பது, எங்கே ஓடுவது என்று அன்றைக்கு அவன் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். ஆட்டம் தொடங்குமுன் நான்கு பேருக்கும் டீயை நீங்களே போட்டு வைத்துவிடுங்கள்.