வெயில் மத்தியானம், சாவு ஏன் விடியப்புறம்?

கேள்வி: விசுவமடுவில் 20 மீற்றருக்கு 10 மீற்றர் மண்குளம், தண்ணீர் இரண்டரை அடி. ரோகுவும் திலாப்பியாவும் விட்டிருக்கிறேன். மூன்று நாளாக அகோர வெயில். மத்தியானம் தவிடு போட்டால் போட்டி போட்டுத் தின்னுது. நேற்று விடிய 15 ரோகு செத்து மிதந்தது. கடையில் அன்ரிபயோட்டிக் தூள் தந்தார்கள். மத்தியானத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் குளத்தைக் குளிர்த்தலாமா ஐயா?

பதில்: மத்தியானம் வேண்டாம் தம்பி. விடிய 3 மணிக்கு இறையுங்கள். கிணற்றுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. குழாயை நேரே குளத்துக்குள் விடாமல், துளையிட்ட தகரத்தை இடுப்பளவு உயரத்தில் கட்டி, அதன் மேல் ஊற்றி மழைபோல விழ வையுங்கள்.

சாவு ஏன் விடியப்புறம் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மீனின் உடற்சூடு தண்ணீரின் சூடுதான். 10 பாகை ஏறினால் அதன் ஒட்சிசன் தேவை ஏறக்குறைய இரட்டிக்கும். தண்ணீரோ 25 பாகையில் லீற்றருக்கு 8.2 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 35 பாகையில் 7 கூடப் பிடிக்காது. சூடேறிய இரத்தமும் செவுளில் ஒட்சிசனை இறுக்கிப் பிடிக்காது. மீன் செவுளை வேகமாக அடித்துச் சமாளிக்கப் பார்க்கும். அப்படி அடிக்க அடிக்க உடல் உப்பு வெளியே கசியும். வெக்கை மெல்ல ஏறினால் உடல் பழகும், சடுதியாக ஏறினால் பழக நேரமில்லை. பகலில் ஒட்சிசன் தரும் பாசி இரவில் தானே அதை எடுத்துக்கொள்ளும், விடியப்புறம் குளத்தில் ஒட்சிசன் வற்றிப்போகும். திலாப்பியா நீர்மட்டத்து மேற்படையை உறிஞ்சித் தாக்குப்பிடிக்கும். ரோகுவால் அந்தளவுக்கு முடியாது.

இதில் உங்கள் கை பட்ட இடம் தவிடு. தின்றதைச் செரிக்கவே மீனுக்குப் பல மணித்தியாலம் மேலதிக ஒட்சிசன் வேண்டும். மத்தியானம் தின்றது பொழுதுபட்ட பிறகும் வயிற்றில் கிடக்கும். சூட்டில் பசி கூடும்தான், அதைப் பார்த்து வாளியை நிரப்புவதுதான் பிழை. மிஞ்சிய தவிடு அடியில் அழுகி, இரவிரவாக ஒட்சிசனை எடுத்து அமோனியாவைக் கக்கும். பச்சைத் தண்ணீரில் பின்னேரம் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 9 வரை ஏறினால், 30 பாகையில் அந்த அமோனியாவில் பாதிக்குக் கிட்ட நஞ்சு வடிவில் இருக்கும்.

மூன்று நாள் தீனை முழுதாக நிறுத்துங்கள். வளர்ந்த மீன் பட்டினியில் சாகாது. பிறகு காலை 9 மணிக்கு மேல், மீன் மேலே வந்து வாய் பிளக்காத நாளில் மட்டும், பாதி அளவு. பத்து நிமிடத்தில் தின்னாததை மறுநாள் குறையுங்கள். வெக்கை தணியும்வரை வலை போடவே வேண்டாம்.

அந்தத் தூளைத் திருப்பிக் கொடுங்கள். காசு தராவிட்டாலும் குளத்தில் கொட்டாதீர்கள். மூச்சு முட்டிச் செத்த மீனுக்கு அன்ரிபயோட்டிக் விற்பது வைத்தியம் இல்லை, வியாபாரம். அது அமோனியாவைத் தின்னும் நல்ல பக்டீரியாவையும் கொன்றுவிடலாம்.

இரண்டரை அடித் தண்ணீர் சோளகக் காலத்தில் அடிவரை கொதிக்கும். குளம் வற்றும்போது ஒரு மூலையையாவது ஐந்தடிக்கு வெட்டுங்கள். அதுவரை காற்று வராத பக்கமாகக் காற்பங்குக்குக் கிடுகுப் பந்தல் போடுங்கள், ஓலை உக்கித் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.