வந்த பூனை, இருந்த பூனை, நடுவில் ஒரு கதவு

கேள்வி: எங்கள் வீட்டில் 5 வயதுப் பெண் பூனையும் ஒரு நாயும் இருக்கின்றன. பக்கத்து வீட்டார் காலி செய்தபோது விட்டுப்போன வளர்ந்த ஆண் பூனையை நாங்கள் எடுத்துக்கொள்ள ஆசை. நேரில் காட்டினால் சீறிக்கொள்கின்றன. பழக்க முடியுமா? எத்தனை நாள் ஆகும்?

பழக்கலாம். நாள் கணக்கைப் பூனைகள்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் 7 வாரம் ஆனது. அதில் முதல் ஒன்றரை வாரம் நான் செய்த தப்பைச் சரிக்கட்டவே போய்விட்டது. அதனால் அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திருச்சியில் இரண்டு படுக்கையறை வீடு. கறுப்பி என்ற பூனையும் மணி என்ற நாட்டு நாயும் ஆறேழு வருடமாக எங்களோடு இருக்கிறார்கள். போன வருடம் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மஞ்சள் நிறக் கடுவன் பூனை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு ஸ்கூட்டர் சீட்டாக ஏறி இறங்கிப் பார்வையிட்ட தோரணையில் அதற்குத் தாசில்தார் என்று பெயர் வந்துவிட்டது. ஒரு மழை நாளில் மனசு கேட்காமல் மேலே தூக்கிக்கொண்டு வந்தேன். "ரெண்டும் பூனைதானே அக்கா, அரை மணி நேரம் முறைச்சுட்டு அடங்கிடும்" என்றான் தம்பி. நானும் நம்பி, கூடத்தின் நடுவில் இறக்கிவிட்டேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. கறுப்பி வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிலிர்க்க, காது இரண்டும் தலையோடு படிய, அடித்தொண்டையிலிருந்து ஒரு ஓலம். அடுத்த நொடி இரண்டும் ஒரே உருண்டை. நான் கையை உள்ளே விட்டேன். யாருடைய பல் என்று இன்றுவரை தெரியாது, கட்டை விரலில் ஆழமாக இறங்கியது. சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் 4 தவணை ரேபிஸ் ஊசி போட்டுக்கொண்டேன். பூனைச் சண்டையில் கை வைக்காதீர்கள். நடுவில் ஒரு அட்டைப்பெட்டியையோ தலையணையையோ செருகினால் போதும், ஒன்றை ஒன்று பார்க்க முடியாமல் பிரிந்துவிடும்.

குட்டிப் பூனை என்றால் பெரிய பூனை நாலு அடி போட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளும். வளர்ந்த பூனை அப்படியில்லை. பிறந்த 2-ஆவது வாரத்திலிருந்து 7-ஆவது வாரம் வரையில் எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அதுதான் பூனைக்குச் சொந்தபந்தம். அதற்கப்புறம் வருகிறவன் எல்லாம் எல்லைக்குள் புகுந்த அந்நியன். அந்த எல்லையைப் பூனை கண்ணால் வைத்திருப்பதில்லை, மூக்கால் வைத்திருக்கிறது. சோபா முனையிலும் கதவு நிலையிலும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு போகிறதே, அது கொஞ்சல் மட்டும் இல்லை, கன்னச் சுரப்பியின் வாசனையால் போடும் கையெழுத்து. கறுப்பி 6 வருடமாகக் கையெழுத்துப் போட்டு வைத்த கூடத்தில், ஊர்ப்பட்ட தெரு வாசனையோடு ஒருவனைக் கொண்டுவந்து இறக்கினால் அவள் வேறு என்ன செய்வாள்?

தாசில்தாரைப் பின்பக்க அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், சண்டைக்காக மட்டும் இல்லை. வெளியிலிருந்து வரும் பூனையைக் குறைந்தது 2 வாரமாவது தனியே வைக்க வேண்டும். பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் இருந்தால் அது உங்கள் பூனைக்கும் வந்துவிடும். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி, ரத்தப் புற்றுநோய் வரவழைக்கக்கூடிய எஃப்இஎல்வி என்ற இரண்டு பூனை வைரஸ்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். எஃப்ஐவி பெரும்பாலும் கடியால் பரவும், எஃப்இஎல்வி ஒரே தட்டில் சாப்பிட்டு ஒன்றை ஒன்று நக்கினாலே பரவும். பூச்சி மருந்து, தடுப்பூசி, கடுவன் என்றால் கருத்தடை, எல்லாம் இந்தக் கதவு சாத்திய காலத்துக்குள் முடியட்டும். கருத்தடை செய்த மறுநாளே சாது ஆகிவிடாது, உடம்பில் இருக்கும் ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும்.

அப்புறம்தான் வாசனை வேலை. என் பழைய பனியன் ஒன்றைக் கிழித்து இரண்டு துண்டாக்கினேன். ஒன்றால் தாசில்தாரின் கன்னத்தையும் தாடையையும் நன்றாகத் தடவி, கறுப்பி படுக்கும் ஜன்னல் பக்கம் தரையில் போட்டேன். கறுப்பியைத் தடவிய துண்டு உள்ளே போனது. முதல் நாள் கறுப்பி அந்தத் துணியைப் பார்த்துச் சீறினாள். ஆமாம், துணியைப் பார்த்து! நாலாம் நாள் மோந்துவிட்டுத் தாண்டிப் போனாள். ஆறாம் நாள் அதன்மேல் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த படிக்குப் போகலாம் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. நடுவில் தினமும் ஒரு மணி நேரம் ஆள் மாற்றி விடுவேன்: கறுப்பி அவன் அறைக்குள், அவன் கூடத்தில். கன்ன வாசனையைப் போலவே செயற்கையாகச் செய்ததை அறையில் பரப்பும் டிஃப்யூசர்கள் விற்கிறார்கள். வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். எனக்குப் பனியனே போதுமானதாக இருந்தது.

சாப்பாட்டைக் கதவின் இருபுறமும் வைக்கச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், கறுப்பி தட்டுப் பக்கமே வரவில்லை. முதல் நாள் சண்டை அவள் மனதில் அப்படி இருந்தது. சரி என்று தட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனதில், 8 டைல் தூரத்தில்தான் வாய் வைத்தாள். எங்கள் வீட்டு டைல் இரண்டுக்கு இரண்டு அடி. அங்கிருந்து ஒரு நாளைக்கு ஒரு டைல் கதவை நோக்கி நகர்த்தினேன். ஏதாவது ஒரு நாள் சாப்பிடும்போது தலையைத் தூக்கிக் கதவையே பார்த்தால், மறுநாள் ஒரு டைல் பின்னுக்கு. நல்ல சாப்பாடாக இருக்க வேண்டும். வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு, அந்த வேளைக்கு மட்டும். சண்டைக்கார வாசனை வரும்போதெல்லாம் ஈரலும் வருகிறது என்று வயிறு கற்றுக்கொள்கிறது.

ஒருநாள் கதவடியில் கறுப்பியின் கை நுழைந்தது. உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் கை வந்து அதைத் தொட்டது. நகம் வெளியே வரவில்லை. மறுநாளே மரக்கதவைத் திறந்து, கொசுவலைக் கதவை மட்டும் சாத்தினேன். மெல்லிய வலை என்றால் கிழித்துவிடும், கீழ்ப்பாதிக்கு இரும்பு வலை அடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாய். நாயைப் பற்றி நான் கவலையே படவில்லை, மணிதான் பூனையோடு வளர்ந்தவன் ஆயிற்றே. ஆனால் அவனுக்குக் கறுப்பி என்பவள் பூனை இல்லை, வீட்டு ஆள். தாசில்தார்தான் பூனை! வலைக்கு அந்தப்பக்கம் மஞ்சளைக் கண்டதும் காது நிமிர்ந்து, உடம்பு விறைத்து, பார்வை அசையவில்லை. குரைக்கிற நாயைவிட இப்படிச் சத்தமில்லாமல் முறைக்கிற நாயிடம்தான் கவனம் வேண்டும். ஒரு நல்ல நடை போய்வந்து களைத்த பிறகு மட்டும், கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் உட்கார வைப்பேன். பூனையிடமிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தால் ஒரு பிஸ்கட். ஒரே ஒரு முறைகூடத் துரத்த விடாதீர்கள். ஓடுகிற பூனையைத் துரத்துவதில் நாய் கண்ட ருசியை எந்தப் பிஸ்கட்டும் ஈடுகட்டாது. பூனை ஏறி உட்கார பீரோ மேலோ பரணோ காலியாக இருக்கட்டும். பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டையும் நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஏன் என்பதை நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

5-ஆவது வாரம் கதவே இல்லாமல் முதல் சந்திப்பு, 5 நிமிடம். நன்றாகவே போனது. மூன்றாம் சந்திப்பின்போது அடுப்பில் குக்கர் இருப்பதை மறந்துவிட்டேன். விசில் அடித்ததும் கறுப்பி துள்ளி, எதிரில் நின்ற தாசில்தார்மேல் பாய்ந்துவிட்டாள். பயம் ஒரு பக்கம் வந்தால் அடி இன்னொருவனுக்கு. பூனைகளிடம் இது சகஜம். திட்டவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. அட்டையைச் செருகிப் பிரித்து, 2 நாள் மறுபடி வலைக்கதவு. அதன்பின் சந்திப்பு நேரத்தில் சமையல் கிடையாது.

ஒன்று விட்டுப்போகக் கூடாது. சீறல், உறுமல், லேசான கை ஓங்கல் எல்லாம் பூனைகளின் பேச்சு, அதற்குப் பயப்படாதீர்கள். நான் கவனிக்கத் தவறியது சத்தமில்லாத ரவுடித்தனம். சண்டை ஓய்ந்து ஒரு வாரம் ஆன நேரம், கறுப்பி குளியலறைக்குப் போகும் வழியில் சாவகாசமாகப் படுத்திருப்பாள். எவ்வளவு சாது ஆகிவிட்டாள் என்று நான் போட்டோ எடுத்தேன். உண்மையில் மணல் தட்டுக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டிருந்தாள். பாவம் தாசில்தார், அடக்கி அடக்கிப் பார்த்து, சோபாவில் சிறுநீர் போய்விட்டான். 2 பூனைக்கு 3 தட்டு என்று சொல்வது இதற்குத்தான். அந்த மூன்றையும் வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் ஒரு தட்டு வைத்ததற்குச் சமம். வேறு வேறு இடத்தில் வைத்த மறுநாளே சோபா தப்பித்தது. ஈரத்தைப் பினாயில், டெட்டால் போட்டுத் துடைக்காதீர்கள், இரண்டும் பூனைக்கு விஷம்.

கடுவன் பூனை அடிக்கடி தட்டில் போய் உட்கார்ந்து, முக்கி, சிறுநீர் வராமல் எழுந்தால் அது பழக்கும் பிரச்சினை இல்லை. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். மன உளைச்சலில் இது கிளம்பும், விட்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். ராத்திரி என்றாலும் மருத்துவரிடம் ஓடுங்கள். புதுப் பூனை ஒரு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் பரவாயில்லை. ஒரு நாளுக்குமேல் ஒன்றுமே தொடவில்லை என்றால் காட்டிவிடுங்கள், பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் இரண்டும் ஏற்கெனவே சீறிக்கொண்டுவிட்டன என்கிறீர்கள். இன்றே கதவைச் சாத்தி, 2 வாரமாவது ஒன்றின் கண்ணில் மற்றது படாமல் வைத்து, துணியிலிருந்து தொடங்குங்கள். கட்டிப்பிடித்துத் தூங்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் ஜன்னல் வெயில் காலையில் கறுப்பிக்கு, சாயங்காலம் தாசில்தாருக்கு. அவர்களாகவே போட்டுக்கொண்ட ஷிஃப்ட். சாப்பாட்டுத் தட்டுகள் இரண்டுக்கும் நடுவில் இன்றைக்கும் 3 டைல் இருக்கிறது. போன மாதம் ஆசைப்பட்டு இரண்டாக்கினேன். கறுப்பி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். மூன்றே இருக்கட்டும் என்று தள்ளி வைத்துவிட்டேன்.