12 கம்பி கிட்டார் முன்னால் சரிகிறது: ஸ்ட்ராப்பை எங்கே கட்டுவது?

வாசகர் கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் 12 கம்பி அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். உட்கார்ந்து வாசித்தால் சிரமம் இல்லை. எழுந்து நின்றால் கழுத்துப் பக்கம் தரையை நோக்கி இறங்கிவிடுகிறது. இடது கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கார்டு மாற்றுவதால், ஆராதனை முடிவதற்குள் மணிக்கட்டு வலி எடுக்கிறது. வாங்கிய கடையிலேயே ஹீலில் (கழுத்து உடலோடு சேரும் இடத்தின் பின்பக்கக் கட்டையில்) ஒரு பட்டன் திருகி நைலான் ஸ்ட்ராப் மாட்டித் தந்தார்கள். அகலமான தோல் ஸ்ட்ராப் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஓரளவுக்குத்தான் சரியாகும். வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கிட்டாரில் ஸ்ட்ராப் எந்த வகை என்பதைவிட, அது எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். அந்த இடம் சரியா, தவறா என்பதைச் சோதனை சொல்லிவிடும்.

ஒரு சப்பாத்திக் கட்டையை மெல்லிய துண்டால் சுற்றி மேசைமேல் வையுங்கள். கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றி, வழக்கமாக ஹெட்ஸ்டாக்கில் (கழுத்தின் நுனியில் சுருதிச் சாவிகள் இருக்கும் தலைப்பகுதியில்) மாட்டும் கிளிப் ட்யூனரையும் மாட்டிவிட்டு, கிட்டாரின் முகம் மேலே பார்க்கும்படி கட்டையின் குறுக்கே கிடத்துங்கள். இரண்டு பக்கமும் கையை அணைவாக வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம் வரை மெதுவாக உருட்டுங்கள். அதுதான் எடை மையம். கிட்டாரின் அடிப்பகுதியில் எண்ட் பின் இருக்கிறதல்லவா, அங்கிருந்து இந்த மையம் எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எண்ட் பின்னிலிருந்து ஹீல் பட்டன் வரையும் அளந்துகொள்ளுங்கள்.

டிரெட்நாட் (அகன்ற பெரிய உடல் வகை) அளவுள்ள கிட்டாரின் உடல் ஏறக்குறைய 51 செ.மீ. நீளம். 14ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) உடலோடு சேரும் கழுத்தாக இருந்தால் நட், அதாவது ஹெட்ஸ்டாக் தொடங்கும் இடத்தில் கம்பிகள் ஏறி நிற்கும் சிறு பட்டை, எண்ட் பின்னிலிருந்து சுமார் 87 செ.மீ.யில் வரும். சாதாரண 6 கம்பி டிரெட்நாட்டில் எடை மையம் பெரும்பாலும் உடலுக்குள்ளேயே விழும். 12 கம்பியில் ஹெட்ஸ்டாக் நீளம், கழுத்து அகலம், அவற்றுக்கு மேல் இன்னும் ஆறு சாவிகள். மூடிய வார்ப்பு உலோகச் சாவி ஒன்றைக் கழற்றித் தராசில் வைத்தால் 30, 40 கிராம் காட்டும். பன்னிரண்டுக்கும் கணக்குப் போட்டால் அரை கிலோவுக்கு அருகில் வந்துவிடும், அத்தனையும் கிட்டாரின் கடைக்கோடியில். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு 12 கம்பி கிட்டாரின் எடை 2.4 கிலோ. அதன் மையம் 53 செ.மீ.யில் நின்றது, ஹீல் பட்டன் 51இல் இருந்தது. மையம் பட்டனைத் தாண்டி கழுத்துப் பக்கம் போய்விட்டால், தொங்கவிடும் இரண்டு புள்ளிகளுமே எடைக்கு ஒரே பக்கத்தில் இருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் எந்த விலைக்கு ஸ்ட்ராப் வாங்கினாலும், அதை நிமிர்த்தி நிறுத்தும் வேலை உங்கள் கைக்குத்தான் வந்து சேரும். உங்கள் மணிக்கட்டு வலியைப் பார்த்தால் உங்கள் கிட்டாரும் இதே வகை என்று நினைக்கிறேன். அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மையம் பட்டனுக்கு உடல் பக்கம் 5 செ.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால் ஹீல் பட்டனே போதும், பிடிப்புள்ள ஸ்ட்ராப் மட்டும் மாற்றினால் சரி. இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் என்றால் இழுபறி.

பிடிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஹீலிலும் எண்ட் பின்னிலும் மாட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் உங்கள் தோளின் உராய்வுதான். கிணற்றுக் கயிறு உருளையில் ஓடுவதுபோல ஸ்ட்ராப் தோளில் வழுக்கி ஓட முடிந்தால், கழுத்து இறங்க இறங்க முன்பக்க ஸ்ட்ராப் நீண்டுகொண்டே போகும், பின்பக்கம் குறையும். நைலான் பட்டை அப்படித்தான் ஓடும். உள்பக்கம் சொரசொரப்பான ஸ்வேட் தோல் வைத்த ஸ்ட்ராப் சட்டையைக் கவ்விக்கொள்ளும். கனத்த பருத்தி நெசவும் நன்றாகப் பிடிக்கும். அகலம் 5 செ.மீ. போதும். 12 கம்பிக்கு 7 செ.மீ. இன்னும் சுகம், ஆனால் அகலம் பாரத்தைத் தோளில் பரப்புமே தவிர, சரிவை நிறுத்தாது.

நீங்கள் பாடகர் குழு என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன்: ஆராதனையில் அங்கி அணிகிறீர்களா? கடையில் பருத்திச் சட்டையோடு நின்று பார்க்கும்போது கச்சிதமாகப் பிடித்த தோல் ஸ்ட்ராப், ஞாயிற்றுக்கிழமை வழுவழுப்பான பாலியஸ்டர் அங்கியின்மேல் எண்ணெய் தடவியதுபோல ஓடும். அங்கியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதைப் போட்டுக்கொண்டு, கிட்டாரை மாட்டி, இரண்டு கையையும் கிட்டாருக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் இறக்கி ஏந்தலாக வைத்துப் பாருங்கள். கழுத்து எங்கே போய் நிற்கிறது என்பதை அங்கேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி உங்களுக்கு நான் சொல்லும் வழி: முன்பக்கத்தை ஹீலில் மாட்டாமல் ஹெட்ஸ்டாக்கில் கட்டுங்கள். துளை போட வேண்டாம், செலவும் ஒரு நாடாவின் விலைதான். 53 செ.மீ.யில் இருக்கும் எடை, எண்ட் பின்னுக்கும் நட்டுக்குப் பின்னால் 88 செ.மீ.யில் இருக்கும் கட்டுக்கும் நடுவில் வந்துவிடுகிறது. அதன்பிறகு ஸ்ட்ராப் தோளில் சற்று வழுக்கினாலும் கழுத்து கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், தரையை நோக்கிப் பாயாது.

"ஹெட்ஸ்டாக்கில் கட்டினால் கழுத்து வளைந்துவிடும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன கிட்டாரில் அந்தக் கட்டு தாங்கும் எடை ஏறக்குறைய ஒன்றரை கிலோ. ஒரு லைட் (மெல்லிய) 12 கம்பி செட், முழுச் சுருதியில், அதே கழுத்தை இரவும் பகலும் 110 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. (6 கம்பி லைட் செட் என்றால் 73 கிலோ அளவு.) கழுத்து வளைவது அந்த இழுப்பினால்தான். அந்தக் கவலை இருந்தால் ஒரு முழு சுரம் இறக்கி வைத்து, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு வாசியுங்கள். 12 கம்பி வாசிப்பவர்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கட்டும் விதம் இது. நட்டுக்கும் முதல் சாவிக்கும் இடையில், கம்பிகளுக்கு அடியில் நாடாவை நுழைக்க வேண்டும். 12 கம்பியில் அங்கே இடம் குறைவு. நட்டைத் தாண்டியதும் கம்பிகள் மரத்தை நோக்கிச் சரிந்து இறங்குவதால், உருண்டைக் கயிறு கம்பியை முட்டித் தூக்கும். நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையான தோல் நாடா அல்லது ஷூ லேஸ் சரியாக இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய ஒயரைக் கொண்டை ஊசிபோல மடித்து, கம்பிகளுக்கு அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளி, அந்த மடிப்பில் நாடாவின் நுனியைக் கோர்த்து இழுத்துவிடுங்கள். நாடா டிரஸ் ராட் மூடியின்மேல் (நட்டை ஒட்டி ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் சிறு தகட்டின்மேல்) படுத்துக் கிடக்க வேண்டும், எந்தக் கம்பியையும் தொடக் கூடாது. இரண்டு முனைகளையும் கழுத்தின் பின்பக்கம் கொண்டுவந்து, ஸ்ட்ராப்பின் துளையில் விட்டு, தடித்த கம்பிகள் உள்ள பக்கத்தில் முடிச்சுப் போடுங்கள். முடிச்சுக்கும் ஹெட்ஸ்டாக்குக்கும் இடையில் ஒரு சாண் நாடா விடுங்கள். இல்லையென்றால் ஸ்ட்ராப்பின் அகன்ற முனை சாவிகளில் இடித்துச் சுருதியைக் கலைக்கும். ஒவ்வொரு முறையும் முடிச்சு அவிழ்க்க வேண்டாம் என்றால், சிறிய பக்கிள் வைத்த நாடாவே இசைக் கருவிக் கடைகளில் கிடைக்கிறது. கட்டி முடித்ததும் பன்னிரண்டு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்த நிலையில் மீட்டிக் கேளுங்கள். எங்காவது இரைந்தால் நாடா அந்தக் கம்பியைத் தொடுகிறது.

இதில் சங்கடங்களும் உண்டு. முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடிக்கும்போது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் நாடா உரசும், பழக ஒரு வாரம் ஆகும். கிட்டார் சற்று வலப்பக்கம் தள்ளித் தொங்கும். ஸ்ட்ராப்பும் நீளமாக வேண்டும். ஹீலில் மாட்ட 110 செ.மீ. போதுமானவருக்கு இங்கே 30 செ.மீ. கூடுதலாகத் தேவைப்படலாம். கடையில் இருக்கும்போதே அதிகபட்ச நீளத்தை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

இந்த நாடா பிடிக்கவே இல்லை, ஹீல் பட்டனோடுதான் வாசிப்பேன் என்றால், எடையைத்தான் நகர்த்த வேண்டும். மேலே சொன்ன கிட்டாரில் ஹெட்ஸ்டாக் நுனியில் 100 கிராம் குறைத்தாலும், எண்ட் பின் அருகே 100 கிராம் சேர்த்தாலும் மையம் ஏறக்குறைய 2 செ.மீ. உடல் பக்கம் வரும். ஆகவே முதலில் இலவசமாகக் குறையக்கூடியதைக் குறையுங்கள். பாட்டுக்கு நடுவில் கேப்போவை ஹெட்ஸ்டாக்கில் கவ்வ விடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சுருதி சேர்த்ததும் கிளிப் ட்யூனரைக் கழற்றிவிடுங்கள். சாவிகளின் உலோகக் காதுகளுக்குப் பதிலாக பிளாஸ்டிக் அல்லது மரக் காதுகள் போட முடிந்தால், ஒவ்வொன்றிலும் சில கிராம்தான் குறையும் என்றாலும் பன்னிரண்டு மடங்கு என்பதால் தெரியும். பிறகு 250 கிராம் அளவுக்கு ஈயக்குண்டுகளைச் சிறு துணிப்பையில் தைத்து, எண்ட் பின்னில் ஸ்ட்ராப்போடு சேர்த்து மாட்டுங்கள். 53இல் இருந்த மையம் 48க்கு வந்துவிடும். ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். கிட்டாருக்குள்ளே எதையும் ஒட்டாதீர்கள், வெயிலில் பசை இளகி உள்ளே உருள ஆரம்பித்தால் எடுப்பது கடினம். ஏற்கெனவே பாரமான 12 கம்பியில் இன்னும் கால் கிலோ சேர்ப்பது எனக்கு உவப்பில்லை. நாடாவுக்கு அடுத்த வழியாக மட்டுமே இதைச் சொல்கிறேன்.

உங்கள் ஹீல் பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஹீலின் முதுகில், மூடிமேல் இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் இருந்தால் கிட்டாரின் எடை முழுவதும் பட்டனுக்கு முன்னால் நிற்பதால், கிட்டாரின் மேல்விளிம்பு நெஞ்சைவிட்டு முன்னால் கவிழும். நின்று வாசிக்கும்போது சவுண்ட்ஹோல் உங்கள் கண்ணிலிருந்து மறைந்து தரையைப் பார்க்கிறதென்றால் காரணம் இதுதான். மெல்லிய கம்பிகள் உள்ள பக்கம், அதாவது வாசிக்கும்போது தரையைப் பார்க்கும் பக்கத்தில், ஹீலின் பக்கவாட்டில் திருகினால் ஸ்ட்ராப் ஹீலைச் சுற்றி வந்து கிட்டாரை உடம்போடு அணைத்துப் பிடிக்கும்.

அதற்காக நீங்களே திருகுப்புளியை எடுத்துவிட வேண்டாம். வழித்துளை போடாமல் நேரே திருகை ஏற்றிய ஒரு மஹாகனி ஹீல் என்னிடம் வந்தது. பட்டனிலிருந்து மேலே ஃப்ரெட்போர்டு வரை மயிரிழை போல ஒரு வெடிப்பு. நகத்தால் தடவினால்தான் தெரிந்தது. ஆனால் பட்டனை லேசாக இழுத்தபோது அந்தக் கோடு வாய் திறந்து மூடியது. பல கிட்டார்களில் ஹீல் ஒரே கட்டையாக இருக்காது. துண்டுகளை அடுக்கி ஒட்டியிருப்பார்கள், ஒட்டுக்கோட்டின்மேல் திருகினால் பிளக்கும். போல்ட் போட்டு இணைத்த கழுத்தாக இருந்தால் உள்ளே உலோகம் இருக்கும். பழகிய ரிப்பேர்காரர் முதலில் பாலிஷை மட்டும் சின்ன வட்டமாகச் சுரண்டி எடுப்பார், திருகைவிட மெல்லிய வழித்துளை போடுவார், திருகுமரையில் மெழுகு தேய்த்து, பட்டனுக்கு அடியில் ஃபெல்ட் வளையம் வைத்து, கையால் திருகுவார். வாரண்டி காலம் முடியவில்லை என்றால், துளை போட்டால் வாரண்டி போகுமா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கிளாசிக்கல் கிட்டார்களுக்கு விற்கும், சவுண்ட்ஹோலில் கொக்கி மாட்டும் ஸ்ட்ராப் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அது கிட்டாரை அடியிலிருந்து ஒரே இடத்தில் ஏந்துகிறது, கையை விட்டால் கிட்டார் முன்னால் குப்புறக் கவிழும்.

கடைசியாக எண்ட் பின். முன்பக்கம் சரியாகக் கட்டிவிட்டுப் பின்பக்கம் கழன்று கிட்டார் விழுந்த கதைகள் நிறைய. உங்களுடையது அழுத்திச் செருகிய பின் என்றால், ஸ்ட்ராப்பைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்துப் பாருங்கள். அசைந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள். தற்காலிகமாக ஒரு சுற்று மெல்லிய காகிதம் வைத்துச் செருகிவிட்டு, பிறகு துளையைச் சரிசெய்து பொருத்தமான பின் போடச் சொல்லுங்கள். பிக்கப் ஜாக்கே எண்ட் பின்னாக இருந்தால் அது தடிமன் கூடியது. புதுத் தோல் ஸ்ட்ராப்பின் துளை முதலில் ஏறாது, ஆறு மாதத்தில் தளர்ந்து தானாகவே நழுவும். ஸ்ட்ராப்பை மாட்டியபின் அதன்மேல் ஒரு ரப்பர் வாஷரை இறுக்கமாக ஏற்றிவிடுங்கள். நைட்ரோ லாக்கர் பாலிஷ் போட்ட கிட்டாராக இருந்தால் ரப்பரோ வினைலோ உடலைத் தொட்டுக்கொண்டே கிடக்க விடாதீர்கள். பாலிஷ் இளகித் தழும்பு விழும். வாசித்து முடித்துப் பெட்டிக்குள் வைக்கும்போது ஸ்ட்ராப், நாடா, வாஷர் மூன்றையும் கழற்றித் தனியாக வையுங்கள்.