வாரியரா, ஆரோவா? இரண்டு லீவர் வைத்திருப்பவருக்கு

கணினி ஃப்ளைட் சிமுலேட்டரில் செஸ்னா 172 ஓட்டும் நீங்கள், அடுத்து ஜஸ்ட் ஃப்ளைட் நிறுவனம் விற்கும் பைப்பர் விமானங்களில் வாரியர் 2 வாங்குவதா, ஆரோ 3 வாங்குவதா என்று கேட்டீர்கள். முதலில் வாரியர் 2 வாங்குங்கள். இந்த இரண்டில், உங்களிடம் இருக்கும் த்ராட்டில் (இன்ஜின் விசை), மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) லீவர்களுக்குப் பொருந்துவது அதுதான். ஆரோ 3-க்குப் புரொப்பெல்லரின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் லீவர் ஒன்று கூடுதலாக வேண்டும். அதன் மடங்கும் சக்கரத்தையும் வேகம் 129 நாட்ஸுக்குக் (மணிக்கு 129 கடல் மைல்) கீழே வந்த பிறகுதான் இறக்கலாம்.

பெரிய விமான நிலையங்களில் 172 திக்குகிறது என்றீர்களே, அதன் ஜி1000 டிஜிட்டல் கருவித் திரைகள் காரணமாக இருக்கலாம். வாரியரில் முள் மீட்டர்கள்தான். ஆனால் காசு கொடுக்குமுன் இதைப் பாருங்கள்:

1. சிமுலேட்டரின் டெவலப்பர் மோடில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள்) காட்டியை ஆன் செய்யுங்கள்.
2. அதே ஓடுபாதை, அதே வானிலையில் 172-ஐயும், சிமுலேட்டரோடு வரும் முள் மீட்டர் செஸ்னா 152-ஐயும் ஏற்றுங்கள்.

152 சீராக ஓடினால் திரைகள்தான் காரணம். இரண்டுமே திக்கி, அந்தக் காட்டி 'மெயின் த்ரெட்' என்று காட்டினால் சுமை சிபியுவில் (கணினியின் பிராசசரில்). டெரெய்ன் எல்ஓடியை (நிலப்பரப்பு எவ்வளவு விவரமாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பை) குறையுங்கள். புது விமானம் அதைச் சரிசெய்யாது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 172-இல் எரிபொருள் டேங்கைத் தேர்ந்தெடுக்கும் திருகை 'போத்'தில் (இரண்டு டேங்கும்) வைத்துவிட்டு மறந்துவிடலாம். பைப்பரில் இடது, வலது மட்டுமே. அரை மணிக்கொரு முறை, எலெக்ட்ரிக் பம்ப்பை ஆன் செய்துவிட்டு டேங்கை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் முதலில் ஒரு இறக்கை கனக்கும். பிறகு மற்ற டேங்க் நிறைய எரிபொருள் இருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடும்.